என்ன வருத்தம்

துணுக்காய் வீதியில் யானை நிற்கிறதென்று
ஆட்டோவை நிறுத்தி
விளக்கையும் அணைத்துவிட்டார் பாலேந்திரா அண்ணன்.
இருட்டில் எங்கோ கிளை முறிந்தது.
அவர் பல்லிடுக்கில் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.
என் மடியில் மகனின் நெஞ்சு
ஓட்டை விழுந்த துருத்தியாக.

யானை போய்விட்டதா
நின்றபடி தூங்குகிறதா தெரியவில்லை.
வெளிக்கிடுவம், என்றார்.
கிளம்பினோம்.

மல்லாவி ஆஸ்பத்திரி. இரவு பதினொன்றேகால்.
ஒரு டியூப்லைட், அதைச் சுற்றி ஈசல்.
துண்டு எடுத்துக்கொண்டு உள்ள போங்கோ, என்றாள்
மேசைக்குப் பின்னால் இருந்தவள்.
பையைத் துழாவி
சென்னிமலைத் துண்டை எடுத்து நீட்டினேன்.
என்னைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.
சின்னக் காகிதத்தில் எண் எழுதி
அதன்மேல் வைத்தாள்.
இதுதான் துண்டு.

பெயர் அகரன். வயது நாலு.
பிறந்த இடம் சத்தியமங்கலம்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
தகப்பன்?
கொழும்பில், என் விசாவை நீட்டிக்கிற வரிசையில்.
அப்ப நீங்கள் இந்தியாவோ?
அவர் அங்கே இருபத்திரண்டு வருடம்
முகாமில் கையெழுத்துப் போட்டவர்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மகன் இருமினான்.

உள்ளே வேறொரு நர்ஸ்.
குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டு
என்னிடம் கேட்டார்:
பிள்ளைக்கு என்ன வருத்தம்?

எதைச் சொல்ல.
பவானிசாகரில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த
மூன்று சக்கர சைக்கிளைச் சொன்னேன்.
பாலர் பள்ளியில் இவன் 'ஏனுங்க' என்றால்
வகுப்பே சிரிக்கிறது என்றேன்.
சொந்த ஊர் சொந்த ஊர் என்றாயே அப்பா,
அங்கேயும் தகரம் இங்கேயும் தகரம்தானே
என்று ஒருநாள் கேட்டதையும்,
அதற்கு அவர் பதில் சொல்லாமல்
கிணற்றடிக்குப் போனதையும்.

தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி
எல்லாவற்றையும் கேட்டார் அந்த நர்ஸ்.
பிறகு மெதுவாக:
இல்லையம்மா, வருத்தமெண்டு கேட்டது
காய்ச்சலோ, சத்தியோ, முட்டோ எண்டு.

இழுப்புங்க, என்றேன்.
முட்டு, என்றார்.
டாக்டரிடம் திரும்பி சிங்களத்தில் ஒரு சொல்.
டாக்டருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும்,
தெற்கே கடலோரத்து ஊராம்.
அவரிடம் இருந்த தமிழ் இரண்டே சொல்:
இழு. விடு.
இழு, விடு.
மகன் அதற்குக் கீழ்ப்படிந்தான்.

மெஷின் மாவரைக்கிற சத்தம் போட்டது.
முகமூடிக்குள் புகை.
புகைக்கு மேலே இரண்டு கண், என்மேலேயே.
அங்கே இதே மெஷினுக்கு, தனியாரில், ஐந்நூறு.
அரசு ஆஸ்பத்திரி என்றால்
சாயந்தரச் செக்கிங்குக்குள் முகாம் திரும்ப வேண்டும்.
இங்கே யாரும் காசு கேட்கவில்லை.
கேட்பார்களென்று
ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஆயிரம் ரூபாய்
வேர்வையில் ஊறி
சிங்கமெல்லாம் கசங்கிப் போயிருந்தது.

இவ்வளவு பிந்திக் கொண்டுவந்ததுக்கு
விடிய டொக்டர் பேசுவார், என்றார் நர்ஸ்.
பேசட்டும், நல்லதுதானே என்றேன்.
விடிந்ததும் பேசினார்.
அந்தச் சொல்லுக்கும் இங்கே வேறு பொருள்.

சென்னிமலைத் துண்டில் அவன் வாய் திறந்து தூங்குகிறான்.
காகிதத் துண்டு அவன் கைக்குள்.
ஏன் பிடுங்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.
போனில் அவர்.
கவுண்டர் இன்னும் திறக்கவில்லையாம்,
முன்னால் நாற்பது பேராம்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
வருத்தம் எப்பிடி இருக்கு?

யாருக்கு, என்று கேட்டேன்.